ஆற அமர

பாரிஸில் ஒரு பாலத்தின்மேல் சார்த்தர் நிற்கும் புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1946இல் கார்த்தியே-பிரெஸோன் எடுத்தது. பின்னால் பனிமூட்டம், வாயில் பைப். சிந்திக்கிற மனிதன் என்றதும் மனத்தில் வரும் உருவம் ஏறக்குறைய அதுதான். ஐன்ஸ்டீன், பெர்ட்ரண்ட் ரஸல், கதைக்குள் ஷெர்லக் ஹோம்ஸ் என்று அந்த வரிசை நீளம். இந்த ஆளுக்கு அவசரமில்லை என்று பைப் அறிவித்துவிடுகிறது. 1950இல் மாண்ட்ரியலின் பைப் சங்கம் ஒன்றுக்கு எழுதிய பதிலில், மனித விவகாரங்களில் நிதானமாகத் தீர்ப்புச் சொல்ல அது உதவுகிறது என்ற பொருளில் ஐன்ஸ்டீனே சொல்லியிருக்கிறார்.

இந்த நிதானம் பண்பா, வசதியா? கூட்டங்களில் ஓர் ஆண் பதில் சொல்லத் தாமதித்தால் யோசிக்கிறார் என்கிறோம். ஒரு பெண் வேகமாகப் பேசி முடித்தால் படபடக்கிறாள் என்கிறோம். அவள் ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவள் என்பது யார் கணக்கிலும் வருவதில்லை. சுங்கான் என்ற பழைய சொல் அகராதியில் இருக்கிறது, புழக்கத்தில் பைப்தான். ஆனால் நம் தெருக்களில் பைப் என்றால் தண்ணீர்க் குழாய். அதன் முன்னால் குடத்தோடு பெண்கள் நிற்கும் நேரமும் மெதுவாக நகர்கிற நேரம்தான், அதற்கு நிதானம் என்று யாரும் பெயர் வைத்ததில்லை.

பைப் பிடிக்கப் பொழுது வேண்டும். புகையிலையை அடுக்கடுக்காக இட்டு அழுத்த வேண்டும். அதிகம் அழுத்தினால் காற்று போகாது. பற்றவைத்தால் அணையும், மறுபடி பற்றவைக்க வேண்டும். வேகமாக இழுத்தால் நாக்கு சுடும், மரமும் சூடேறிக் கெடும். முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். முடிந்தபின் மரத்தின் ஈரம் உலர வேண்டும் என்று அதை ஒரு நாளாவது சும்மா வைப்பார்கள். அதனால்தான் பழகியவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பைப்களை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள். ஒரு மரத்துண்டுக்கு ஓய்வுநாள் இருக்கிறது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாயிலும் தொண்டையிலும் புற்றுநோயைக் கொண்டுவரும் பழக்கம் இது, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனாலும் அந்த மெதுவான போக்கில் ஓர் அழகு இருக்கிறது.

நல்ல பைப் என்றால் பிரையர். முட்செடி என்று நினைக்க வேண்டாம். புரூயேர் என்ற பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தில் அப்படித் திரிந்தது. எரிகா ஆர்போரியா என்னும் அந்தப் புதர்மரம் கோர்சிகா, தெற்கு இத்தாலி, கிரேக்கம், அல்ஜீரியா என்று மத்தியதரைக் கடலைச் சுற்றிய பகுதிகளில் வளர்வது. தண்டுக்கும் வேருக்கும் நடுவே, மண்ணை ஒட்டி, அதற்கு ஒரு முடிச்சு திரள்கிறது. மேலே உள்ளதையெல்லாம் காட்டுத்தீ எரித்துவிட்டாலும் அந்த முடிச்சிலிருந்து செடி மறுபடி துளிர்க்கும். பைப்புக்கு வேண்டியது அந்த முடிச்சேதான். பல பத்தாண்டுகள் வளர்ந்ததைத் தோண்டி எடுத்து, வெடித்துவிடாமல் ஈரத்திலேயே வைத்திருந்து, கட்டைகளாக அறுத்து, மணிக்கணக்கில் கொதிநீரில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்துகிறார்கள். தீயில் பிழைக்கச் செடி தனக்கென்று சேர்த்துவைத்தது, யாரோ ஒருவருடைய தீயைத் தாங்கும் கிண்ணமாகிறது.

பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் சேன்-க்ளோத் என்று ஓர் ஊர். மரத்தில் செபமாலையும் பொம்மையும் கடைந்து விற்றுவந்த ஊர், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரையருக்கு மாறி, உலகுக்கே பைப் அனுப்பியது. அந்தப் பட்டறைகளில் மெருகேற்றும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. சுழலும் சக்கரத்தில் கிண்ணத்தை அழுத்திப் பிடித்து, மரத்தின் ரேகை பளிச்சென்று எழும்வரை தேய்த்தவர்கள் அவர்கள். பைப்பில் நிறுவனத்தின் முத்திரை இருக்கும்.

பிரையர் பைப் என்று விற்கப்படுவதில்கூட வாயில் வைக்கும் பகுதி பொதுவாகக் கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர், இல்லாவிட்டால் அக்ரிலிக். பல்லுக்கும் எச்சிலுக்கும் மரம் அவ்வளவாக ஈடுகொடுக்காது. அதையும் மீறிச் சில கைவினைஞர்கள் அந்தப் பகுதியையும் பிரையரிலேயே செய்கிறார்கள். முழுக்க பிரையர் என்பது அப்படிப்பட்ட பைப்பின் பெருமை. அந்த ‘முழுக்க’தான் என்னை உறுத்துகிறது. வேறெதுவும் கலவாத ஒரே மரம் என்று பார்க்கும் கண்ணுக்கு, தோண்டியவரும் வேகவைத்தவரும் தேய்த்தவளும் தெரிவதில்லை. ஒரு நூலை ‘முழுக்க அவருடைய சிந்தனை’ என்று புகழும்போதும் அந்தச் சொல் அதே வேலையைச் செய்கிறது.

1943இல் வந்த தன் பெரிய தத்துவ நூலில் சார்த்தர், புகைப்பதைத் தான் கைவிட முயன்றதைப் பற்றி எழுதியிருக்கிறார். நாடகம் பார்க்கையில், காலையில் வேலை செய்கையில், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று புகையோடு பிணைந்த பொழுதுகளெல்லாம் வெறுமையாகிவிடும் என்ற பயம் அவருக்கு. நுட்பமான பக்கங்கள். நான் நின்றுபோனது ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்ற இடத்தில். அந்த நேரத்தில் தட்டு எங்கே இருக்கிறது? அவர் விடுதிகளிலும் கஃபேக்களிலும் வாழ்ந்தவர், தட்டைக் கழுவியவர் கூலிக்கு வேலை செய்த யாரோ. கேள்வி அதனால் மாறிவிடவில்லை.

பெண்கள் பைப் பிடித்ததே இல்லை என்பதல்ல. அயர்லாந்தின் கிராமத்துக் கிழவிகள் களிமண் பைப்போடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்தவர்கள் வறுமை என்றார்கள், வேடிக்கை என்றார்கள். சிந்தனை என்று சொல்லவில்லை. 1929இல் ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் சில பெண்கள் சிகரெட்டோடு நடந்தார்கள். விடுதலைச் சுடர்கள் என்று அதற்குப் பெயர் சூட்டி, அமெரிக்கன் டொபாகோ கம்பெனிக்காக ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ். விடுதலை என்று சொல்லி நமக்கு விற்றது, நடந்தபடியே சில நிமிடங்களில் தீர்த்துவிடக்கூடிய ஒன்றை. பைப் சாய்வுநாற்காலியோடு அவர்களிடமே நின்றுவிட்டது.

எனக்குப் பைப் வேண்டாம், அந்த ஒரு மணி நேரம் வேண்டும். யாரிடமிருந்து எடுப்பது என்பதுதான் சிக்கல். நான் எழுத உட்காரும் மாலைகளில் என் சமையலறையில் இன்னொரு பெண் நிற்கிறார். சம்பளம் தருகிறேன் என்பது பதிலாகாது. சேன்-க்ளோத் முதலாளிகளும் தந்தார்கள். வீட்டு ஆண்கள் வேலையைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்பது நியாயமான பதில், எங்கள் வீட்டில் ஓரளவு நடக்கவும் செய்கிறது. ஆனால் அது முழுதாக நடந்தால் அந்த அக்காவின் மாதச் சம்பளம் போய்விடும். ஆகவே இப்போதைக்கு நாங்கள் இருவரும் பேசிச் செய்துகொண்டது சின்ன ஏற்பாடு: ஞாயிற்றுக்கிழமை சம்பளத்தோடு விடுமுறை. முதல் ஞாயிறு எப்படிப் போயிற்று என்று மறுநாள் கேட்டேன்.

“துணியெல்லாம் சேந்து கெடந்துச்சு டீச்சர், தொவச்சுப் போட்டேன்” என்றார்.