நித்திரைக்கு முன் ஒரு நிய்யத்

நித்திரையில் இருப்பவனிடம் கணக்குக் கேட்பதில்லை. நமது மார்க்கச் சட்டம் அவனுக்கு விலக்களிக்கிறது. ஊர் வழக்கும் அப்படித்தான்; உறக்கத்தில் உளறியவனைப் பள்ளிவாசலில் வைத்து யாரும் விசாரிப்பதில்லை. என் நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு சிறு கருவி வந்து குடியேறிய பின்னர், இந்த விலக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று யோசிக்க வேண்டியதாயிற்று.

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னே சரிந்து, காற்று செல்லும் வழி அடைபடுகின்ற நோய் எனக்கு. மூச்சு பத்து விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அதனை ஒரு தடையாக எண்ணுவர். மணிக்கு 30 தடைகளை எட்டினால் நோய் கடுமையானது. எனக்கு 34. இதிலுள்ள விசித்திரம், நோயாளிக்கு அது தெரிவதில்லை என்பதே. தெரிந்தவள் என் மனைவி. குறட்டைச் சத்தத்துக்கு அவள் பழகியிருந்தாள். அது திடீரென நிற்கும்போதுதான் திடுக்கிட்டு எழும்புவாள். நான் உறங்கினேன், என் மூச்சை எண்ணியபடி அவள் விழித்திருந்தாள்.

1981 இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கொலின் சலிவன் என்ற வைத்தியரும் அவரது தோழர்களும் ஒரு வழியை வெளியிட்டனர். மூக்கு வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி, அடைபடும் தொண்டையைத் திறந்து வைக்கும் முறை அது. இன்றும் பெரும்பாலோருக்கு முதலில் தரப்படுவது அதுவே. ஆனால் முகமூடியோடு உறங்க எல்லோராலும் முடிவதில்லை. இரண்டு வருடம் முயன்றும் என்னால் முடியவில்லை. அத்தகையோருக்கென நாக்கின் நரம்பைத் தூண்டும் கருவியொன்றுக்கு அமெரிக்காவில் 2014 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. நியூயோர்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில், இலங்கையர் பலர் வாழும் பகுதியில், மகனோடு நான் இருப்பதால் அது எனக்கும் கிட்டியது. 126 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வில், ஒரு வருட முடிவில் தடைகளின் இடையம் மணிக்கு 29.3 இலிருந்து 9 ஆகக் குறைந்திருந்தது. நோய் முற்றாக நீங்குவதில்லை, தணிகிறது.

சத்திரசிகிச்சை முடிந்து ஒரு மாதமளவில் கருவி சும்மா கிடந்தது. புண் ஆறிய பின் வைத்தியர் அதனை இயக்கினார். நான் விழித்திருக்க, என் நாக்கு என்னைக் கேளாமலே முன்னே நகர்ந்து பற்களைத் தொட்டது. நாவைக் காத்துக்கொள் என்று உம்மாவும் ஓதிக்கொடுத்த லெப்பையும் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது அந்த நாவை வேறொன்று அசைக்கிறது! பின்னர் வாரத்துக்கு ஒரு படியாக விசையைக் கூட்டினோம். பல்லில் உரசி நாக்கின் ஓரம் புண்ணானது. நடுச்சாமத்தில் எழும்பினால் ரிமோட்டைத் தேடி அதனை நிறுத்தி வைக்க வேண்டும். "மூத்தாப்பாவை இப்ப ரிமோட்டிலயா இயக்குறாங்க?" என்று பேரன் சிரித்தான்.

அவன் கேட்டது வேடிக்கைக்கு. ஆனால் கேள்வி மெய்யானது: இந்த மூச்சு யாருடையது? என் இருதயமும் நுரையீரலும் என்னிடம் அனுமதி கேட்டு இயங்கிய நாள் ஒன்றுமில்லை. இந்தக் கருவியோ மூச்சு விடுவதில்லை. விலாவினிடையே உள்ள உணரி என் மூச்சின் முயற்சியை அறிந்து சொல்ல, அதற்கேற்ப நாக்கைத் தள்ளி வழிவிடுகிறது. வாசல் திறந்து விடுபவனை யாரும் வீட்டுக்காரன் என்று சொல்வதில்லை.

கடினமான கேள்வி வேறு. இக்கருவி தானாக இயங்காது. ஒவ்வோர் இரவும் படுக்கும்போது நான் பொத்தானை அழுத்த வேண்டும். அலுப்பிலே விட்டுவிட்டால் என்ன? என் உடல், என் நட்டம் என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது என்பதே என் துணிபு. என் மூச்சு நின்றால் விழிப்பவள் இன்னொருத்தி. அரைத்தூக்கத்தோடு மறுநாள் நான் கார் ஓட்டினால் பின்னால் இருப்பவை பேரப்பிள்ளைகள். உடல் அமானிதம் என்று நாம் சொல்வதன் பொருள் இங்கே மிகச் சாதாரணமாக விளங்குகிறது.

ஷாஃபிஈ மத்ஹபில் ரமழான் நோன்புக்கு இரவிலேயே நிய்யத் வைக்க வேண்டும். வைத்துவிட்டு ஒருவன் ஸுபஹைத் தாண்டி உறங்கினாலும் அவன் நோன்பாளிதான். விழித்திருந்தபோது கொண்ட எண்ணம், ஒன்றும் அறியாத நேரத்தையும் தாங்கிச் செல்கிறது. உறங்குபவனுக்குக் கணக்கில்லை, உறங்கப் போகிறவனுக்கு உண்டு.

இக்கருவி நம் ஊரின் சாதாரண மனிதருக்கு எட்டாத விலையிலுள்ளது என்பதை அறிவேன். அவரவர் வசதிக்கேற்பக் கடமையும் மாறும். ஆனால் அதன் முதற்படிக்குச் செலவேதுமில்லை. குறட்டை நம் வீடுகளில் கேலிப்பொருள். "இரவில் உங்களுக்கு மூச்சு நிற்கிறது" என்று மனைவி சொன்னால், அந்த நேரத்தின் ஒரே சாட்சி அவள்தான் என்று எண்ணி அதனைக் காது கொடுத்துக் கேட்பதும், வைத்தியரிடம் போவதும் எவருக்கும் இயலும்.

என் நாக்கு இரண்டு மாதத்தில் கருவிக்குப் பழகிவிட்டது. விடியும்வரை உறங்குவதற்கு என் மனைவி பழக இன்னும் சில மாதங்கள் பிடித்தன.