ஒற்றியூர்ச் சபதமும் மணலிச் சுதந்திரமும்

சுந்தரமூர்த்தி நாயனாருக்குக் கண் பார்வை போன கதையை, வாக்குத் தவறியவனுக்குத் தெய்வம் விதித்த தண்டனை என்று சொல்லி முடித்துவிடுவது நம்மவர் வழக்கம். திருவொற்றியூரில் மாசி மாதம் மகிழடி சேவை தரிசித்துத் திரும்புகிற கூட்டத்திலும் பெரும்பாலோர் அவ்வளவில் திருப்தியடைந்துவிடுகிறார்கள். பெரியபுராணத்தில் சேக்கிழார் வைத்திருக்கிற சிக்கலோ அத்தனை எளிதில் அவிழ்வதல்ல. தாம் மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியேன் என்று ஒற்றியூர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்த சுந்தரருக்கு, வசந்தம் வந்து தென்றல் வீசியபோது, ஆரூரின் திருவிழாவும் அங்கே புற்றிடங்கொண்ட பெருமானும் நினைவுக்கு வந்து நெஞ்சை வாட்ட, அவர் புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டிய மாத்திரத்தில் இரு கண்களும் இருண்டன. வெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல், காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண் என்று இறைவன் தவணை முறையில் திருப்பிக் கொடுத்தான். ஆரூரின்மீது கொண்ட ஏக்கத்தைப் பாவம் என்று புராணம் எங்கும் சொல்லவில்லை. மகிழடிச் சத்தியத்தை அற்பம் என்றும் சொல்லவில்லை. இரண்டும் உயர்ந்தவை, இரண்டையும் ஒருங்கே காப்பாற்ற அந்த மனிதருக்கு வழியில்லை, எதைத் தேர்ந்தாலும் இழப்பு உண்டு. இதை ஒளிக்காமல் சொன்னதில்தான் அக்கதையின் கம்பீரம் இருக்கிறது.

1958-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் பதவி ஏற்று நிகழ்த்திய பேருரையில் ஐசையா பெர்லின் தர்க்க பூர்வமாக வாதித்ததும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. ரீகா நகரில் 1909-இல் பிறந்து, பெத்ரோகிராடில் சிறு பிள்ளையாக 1917-இன் புரட்சியைக் கண்ணால் கண்ட அவர், சுதந்திரம் என்பதில் இரண்டு கருத்துகள் பின்னிக் கிடப்பதைப் பிரித்துக் காட்டினார்: பிறர் என்னைத் தடுக்காதிருத்தல் ஒன்று, எனக்கு நானே எஜமானனாயிருத்தல் மற்றொன்று. அந்தப் பாகுபாட்டைத்தான் பாடப்புத்தகங்கள் பிடித்துக்கொண்டன. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடியிலுள்ள அபிப்பிராயம்: மானிட வாழ்வின் நன்மைகள் பல, அவை ஒன்றோடொன்று மோதக் கூடியவை, எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்க ஒரே தராசு கிடையாது என்பது. உண்மையான நன்மைகளுக்குள் விரோதமே இராது என்ற பழைய நம்பிக்கையை அவர் பயத்தோடு பார்த்தார். முடிவில் எல்லாம் இசைந்துவிடும் என்று நம்புகிறவனுக்கு, இடையில் எத்தனை பேரைப் பலியிடவும் மனம் துணிந்துவிடுகிறது.

ஒற்றியூர்க் கோயிலிலிருந்து மேற்கே சில மைல் தொலைவிலுள்ள மணலிக்கு இந்த விசாரணையைக் கொண்டு வருகிறேன். முத்துகிருஷ்ண முதலியார் ராமஸ்வாமி தீக்ஷிதரைக் குடும்பத்தோடு அழைத்துவந்து ஆதரித்த சங்கீத கிராமம் அது என்று இன்று சொன்னால், டேங்கர் லாரிகளுக்கு நடுவே நிற்கிறவர் நம்மைச் சந்தேகத்தோடு பார்ப்பார். 1965-இன் கடைசியில் இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோவும், ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் சேர்ந்து நிறுவிய மெட்ராஸ் ரிபைனரீஸ், 1969-இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் சுத்திகரிக்கும் திறனோடு இயங்கத் தொடங்கி, இன்று 105 லட்சம் டன்னுக்கு வளர்ந்திருக்கிறது. 2000-த்தில் பெயரை மாற்றினார்கள். ஊரார் வாயில் இன்னும் எம்.ஆர்.எல்.தான். பக்கத்திலேயே உர ஆலை, 1966-இல் நிறுவப்பட்டது.

அந்த ஆலைகள் கொண்டுவந்த சுதந்திரத்தைக் குறைத்துப் பேசுவது சுற்றுச்சூழல் அன்பர்களிடம் ஒரு நாகரிகமாகிவிட்டது. 1965, 66 வறட்சியில் அமெரிக்கக் கோதுமைக் கப்பல் எப்போது வரும் என்று எதிர்பார்த்திருந்த தேசத்துக்கு, யூரியா மூட்டை என்பது ராஜீய சுதந்திரத்தின் ஒரு பகுதி. பட்டினி கிடக்கிறவனின் கொடி எத்தனை உயரத்தில் பறந்து என்ன? (அந்த உர ஆலையிலும் அமெரிக்கர் பங்கு இருந்தது என்பது வேறு விஷயம், சரித்திரத்துக்கு ஹாஸ்ய உணர்ச்சி உண்டு.) தனி மனிதனுக்குக் கிடைத்தது அதைவிடப் பெரிது. அப்பன் எந்தப் பண்ணையில் கை கட்டி நின்றான் என்று கேட்காத வாசற்கதவு. ஷிப்டு முடிந்தால் தனக்கென்று நேரம். மாதம் பிறந்தால் சம்பளம், பி.எப்., சங்கம், சந்தாச் சீட்டு. குலத்தொழிலிலிருந்து வெளியேறும் உரிமையைச் சட்டப் புத்தகத்தில் எழுதிவிடலாம். வெளியேறிப் போய் நிற்க ஓர் இடம் வேண்டுமே, அந்த இடம் பலருக்கு மணலியாக இருந்தது.

எதிர்ப்பக்கத்தில் எண்ணூர் முகத்துவாரத்தைப் பார்க்க வேண்டும். இடுப்பளவு நீரில் குந்தியவாறே நகர்ந்து, சேற்றுக்குள் இரு கைகளாலும் துழாவி இறால் பிடித்து, பற்களால் கவ்விய ஓலைப் பறியில் போட்டுக்கொண்டு போகிற இருளர் பெண்ணுக்கு மேஸ்திரி இல்லை, சங்கு இல்லை, முதலீடு இல்லை. ஏற்ற வற்றமே அவளுக்குக் கடிகாரம். கடினமான ஜீவனம், அதை ரம்மியமாக வர்ணிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் யாருடைய உத்தரவுக்கும் காத்திராத ஜீவனம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு ஆலைப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கழிமுகத்தில் இறங்கியபோது, படகின் விளிம்பும் வலையின் கண்ணும் அலையாத்திச் செடியின் வேரும் ஒரே கறுப்பாயின. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாயும், படகுக்குப் பத்தாயிரமும் நிவாரணமாக அரசு அறிவித்தது.

பணம் கொடுத்தது சரியே, இன்னும் கொடுத்திருக்கலாம். நான் மறுப்பது, கணக்கு நேராகிவிட்டது என்கிற பாவனையை. தன் நேரத்தில், தன் நீரில், தன் கையால் பிடித்து விற்கும் நிலையை ரூபாயாக மாற்றும் வாய்பாடு எந்தக் கருவூலத்திலும் இல்லை. நம் ராஜநீதி நூல்கள் பெரிய மீன் சின்ன மீனை விழுங்குவதை மச்ச நியாயம் என்று சொல்லி, அதைத் தடுக்கவே அரசன் வேண்டும் என்றன. ஆங்கிலேயச் சிந்தனையாளர் மில் 1859-இல் வெளியிட்ட சுதந்திர நூலும் பிறருக்குத் தீங்கு நேராதவரை என்று எல்லை கட்டியது. (அதை எழுதியவர் முப்பத்தைந்து வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர், பின்தங்கிய ஜனங்களுக்கு அந்தச் சுதந்திரம் பொருந்தாது என்றும் அதே நூலில் எழுதிவைத்தார்.) மணலியில் இந்த எல்லைக்கோடு போதவில்லை. இங்கே மோதுவது சுதந்திரமும் அக்கிரமமும் மட்டுமல்ல, சுதந்திரமும் சுதந்திரமும்.

அப்படியானால் அவரவர் நியாயம் அவரவர்க்கு என்று விட்டுவிடலாமா என்று கேட்கக் கூடும். கூடாது. ஒரே பொருளுக்குப் பல முகங்கள் உண்டு என்று சொன்ன ஜைனருடைய அநேகாந்தவாதம்கூட எதையும் எப்படியும் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்ததில்லை. எண்ணெய் கசிந்த அதே 2023 டிசம்பரின் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா பெரியகுப்பத்து ஜனங்களை மூச்சுத்திணறலோடு தெருவுக்கு விரட்டியபோது, அங்கே மாறுபட்ட மதிப்பீடுகள் எதுவும் மோதவில்லை; சுவாசம் யாருக்கும் அபிப்பிராய விஷயமல்ல. மாசற்ற நீரும் காற்றும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னதன் பலம் இதுதான். வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில், 1996-இல், நிலைத்த வளர்ச்சி என்ற கொள்கையை அதே மன்றம் ஏற்றபோது நல்லதே செய்தது. ஆனால் வளர்ச்சியும் இயற்கையும் முடிவில் கைகோத்துவிடும் என்ற ஆறுதலை அந்தத் தொடர் சற்று மலிவாகக் கொடுத்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

மீனவக் குப்பத்தார் ஒருநாள் ஆலைக் கழிவை எதிர்த்து மறியல் செய்துவிட்டு, மறுநாள் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆலையில் வேலை கேட்டு மனுக் கொடுத்தால், நகரத்து மனிதர்கள் முரண்பாடு என்று சிரிக்கிறார்கள். முரண்பாடு எங்கே இருக்கிறது? தகப்பனுக்கு முகத்துவாரம் வேண்டும். மகனுக்கு அதிலிருந்து விடுதலை வேண்டும். இரண்டு வேண்டுதலும் ஒரே அடுப்பங்கரையில், சில சமயம் ஒரே மனசுக்குள், குடியிருக்கின்றன. மகிழ மரத்தையும் ஆரூரையும் சேர்த்து நேசித்தவரைப் பாசாங்குக்காரர் என்று எந்தச் சைவனும் சொன்னதில்லை.

புராணத்தில் என்னை உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. புறப்பட்டுப் போனவருக்குக் கண் திரும்பக் கிடைத்த விவரம் ஊர் ஊராகச் சொல்லப்படுகிறது. ஒற்றியூரிலேயே இருந்துவிட்ட சங்கிலியார் இழந்ததைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. விரிவாக்கத் திட்டங்களுக்காக, 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டுகிற கருத்துக்கேட்புக் கூட்டங்களிலும் இதே குறை தென்படுகிறது. இத்தனை டன், இத்தனை வேலை, இத்தனை மரக்கன்று என்று வருகிற நன்மை வரிசையாக ஏறிவிடுகிறது. மைக்குக்கு முன் வந்து நிற்கிற குப்பத்துக்காரரிடம் ஆதரவா எதிர்ப்பா என்பதைத்தான் சுற்றியுள்ளோர் எதிர்பார்க்கிறார்கள். வேலை வேண்டும், ஆறும் வேண்டும், ஆற்றைக் கொன்றால் இன்னது போயிற்று என்று எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும் என்று அவர் சொல்ல வந்தால், அதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.