மருந்தின் விலையும் இயற்றுவோன் கூலியும்

திருவான்மியூரில் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்கு மருந்தீசர் என்பது திருநாமம். அகத்திய முனிவர்க்கு மூலிகைகளின் இயல்பை அப்பெருமான் ஈண்டு உணர்த்தியருளினார் என்பது தலவரலாறு. அவ்வுபதேசத்திற்கு விலை கொள்ளப்பட்டதில்லை. இதுபற்றிச் சிலர், 'மூலிகை இறைவன் படைப்பு. அதனை அறியும் அறிவு சித்தர்கள் அளித்த கொடை. ஆகலின் மருந்து கொடுப்போர் பொருள் பெறுதல் அறமாகாது' என்பர். வேறு சிலர், 'கொள்வோன் கொடுக்க இசைந்த விலையே நேரிய விலை' என்பர். இவ்விரண்டும் பொருந்தாவென்க.

முதற்கூற்றை ஆராய்வாம். மூலிகை இறைவன் கொடையேயாயினும் தானே மருந்தாகி வருவதன்று. பறித்தல், அயற்பூண்டு கலவாது ஆய்தல், உலர்த்தல், சுத்தி செய்தல், அளவறிந்து இடித்தல், சலித்தல் என்னும் இவையெல்லாம் மக்கள் முயற்சி. திருவள்ளுவர் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து அதனை இயற்றுவோன் என நான்கு கூறு வகுத்தார். மருந்தையும் இயற்றுவோனையும் வேறுவேறாக எண்ணினமையின், மருந்தின் விலை வேறு, இயற்றுவோன் கூலி வேறு என்று கொள்ளுதல் தகும்.

தாம்பரம் சானடோரியத்தில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் புறநோயாளர்க்கு மருந்து விலையின்றி அளிக்கப்பெறுகின்றது. அதனைக் காட்டி, 'அங்குக் கொள்ளாத பொருளைக் கடைக்காரன் கொள்வதேன்?' என வினவுவாருளர். அங்கும் மருந்தாளர் ஊதியம் பெறுகின்றனர். அரசின் கருவூலம் அதனைத் தருகின்றது. குடிகள் அனைவரும் பகிர்ந்து சுமத்தலின் அச்சுமை நோயாளிக்குப் புலப்படவில்லை. குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ வாடகை கொடுத்துக் கடை நடத்துவோனுக்கு அத்துணை இல்லை. அவன் கூலியை மறுத்தால் விளைவது யாது? நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்திற்குச் சரக்கு 9. அவற்றுள் சந்தனம் விலை மிக்கது. விலையை அளவின்றிக் குறைத்துக் கேட்குமிடத்து, முதலிற் சுருங்குவது அச்சந்தனமேயாம். நோயாளி காசை மிகுத்து மருந்தை இழப்பான்.

இனி இரண்டாங்கூற்று. பிற பொருள் கொள்வோன் விலை பொருந்தாவிடின் வேண்டாவென்று பெயர்ந்து போகலாம்; நோயாளிக்கு அஃது எளிதன்று. அவனை இசைவிப்பது அச்சமே. 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றுப் பரவிய ஞான்று, 15 சரக்கு கூடிய கபசுரக் குடிநீரைப் பலரும் நாடினர். அத்தகைய காலத்தில் சரக்கின் கொள்விலை ஏறினால் அவ்வேற்றத்தைப் பெறுதல் குற்றமன்று. முன்னரே குறைந்த விலைக்கு வாங்கி வைத்ததனைப் பிறர் அச்சம் நோக்கி உயர்த்தி விற்பதோ உழைப்பின் கூலியாகாது; துன்பத்தின்மேல் இட்ட வரியேயாம்.

ஆயின் நேரிய விலைக்கு அளவு யாதெனின், சரக்குக்கு இவ்வளவு, உழைப்புக்கு இவ்வளவு, வாடகை முதலியவற்றிற்கு இவ்வளவு என நோயாளிமுன் நாணாது எடுத்துரைக்கத்தக்க விலையே அஃது என்க. 1944ஆம் ஆண்டு தோன்றி, திருவான்மியூரில் விளங்கும் இம்ப்காப்ஸ் என்னும் மருத்துவர் கூட்டுறவுச் சங்கம், மருந்து செய்தலை மருத்துவரே கூடி ஏற்று நடத்துதற்கு ஒரு வழி காட்டுகின்றது. பலர் பார்வைக்குட்பட்ட கணக்கில் மறைவான ஊதியத்திற்கு இடம் சிறிது.

அற்றேல் வறியோர்க்குச் செய்வது யாது? அவர்பால் கூலியை விட்டுக்கொடுத்தல் தானமாம். விலையைக் குறைத்துச் சரக்கையும் குறைத்தல் களவாம். பெறும் உரிமை உடையவனே விட்டுக்கொடுக்க வல்லவன். ஆகலின் மருந்து இயற்றுவோனுக்கு உரிய கூலியை ஒப்புக்கொள்ளுதல் அவனது ஈகைக்கும் வழி திறப்பதேயாம்.