குணமும் குற்றமும் பிரியாத இடம்

ஒரு மனிதருடைய திறமைக்கு விலை மதிக்கலாமா, மதிப்பதானால் எந்த அளவுகோலைக் கொண்டு மதிப்பது என்னும் கேள்வியைத் தத்துவ நூல்களுக்கு வெளியே, மிகவும் பச்சையாகக் கேட்கிற இடங்கள் உலகில் சில உண்டு. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி உலகம் அவற்றுள் ஒன்று. அங்கே ஒரு வீரரைக் கொடுத்து மற்றொரு வீரரை வாங்குவது அன்றாட வழக்கம். அந்தப் பரிவர்த்தனைகளைப் பற்றி எழும் வாதங்களில் எல்லாம் தீராத வாதம், தாக்குதலிலேயே மனம் லயித்த ஒரு தடுப்பாட்டக்காரருக்கு ஈடாக எதைக் கேட்பது என்பதுதான். விளையாட்டு ரசிகர்களின் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மனித குணத்தை எடைபோடுவது எவ்வளவு தூரம் சாத்தியம் என்பதை இந்த ஒரு வாதம் காட்டுவதுபோலப் பல பெரிய நூல்கள்கூடத் தெளிவாகக் காட்டுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி எரிக் கார்ல்சன் என்னும் ஸ்வீடன் தேசத்து வீரரைச் சான் ஹோசே ஷார்க்ஸ் அணி பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணிக்குக் கொடுத்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், தடுப்பாட்டக்காரர்களில் தலைசிறந்தவருக்கு நேஷனல் ஹாக்கி லீக் வழங்கும் நாரிஸ் கோப்பையை அவர் மூன்றாம் முறையாகப் பெற்றிருந்தார். அந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களில் 25 கோல்களும் 76 கோல் உதவிகளுமாக 101 புள்ளிகள் அவர் கணக்கில் சேர்ந்திருந்தன. 1991-92இல் பிரையன் லீச் நூற்றைக் கடந்த பிறகு, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வேறெந்தத் தடுப்பாட்டக்காரரும் அந்த எல்லையைத் தொட்டதில்லை. இத்தனை சிறப்புடையவருக்குச் சான் ஹோசே பெற்ற ஈடு என்ன? இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்தரத் தேர்வில் முதற்சுற்று உரிமை ஒன்று. அத்துடன் மிக்கேல் கிரான்லண்ட், யான் ரூட்டா, மைக் ஹாஃப்மன் ஆகிய மூவர். போதாக்குறைக்குக் கார்ல்சனுடைய வருடச் சம்பளக் கணக்கில் பதினைந்து லட்சம் டாலரை ஒப்பந்தம் முடியும்வரை தானே சுமப்பதாகவும் சான் ஹோசே ஒப்புக்கொண்டது. விற்றவரே விற்ற பொருளுக்குத் தொடர்ந்து பணம் கட்டும் இந்த விசித்திரத்தைக் காணும்போது, இங்கே விலை வைக்கப்பட்டது எதற்கு என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அதைக் கேட்பதற்கு முன், தடுப்பாட்டக்காரரின் ஸ்தானதர்மத்தைச் சொல்லவேண்டும். பனித்தளத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர். அவர்களில் ஒருவர் கோல் காப்பவர், மூவர் முன்னணியினர், எஞ்சிய இருவர் தடுப்பாட்டக்காரர்கள். எதிரி பக் என்னும் ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு வரும்போது அவனுக்கும் தம் கோலுக்கும் நடுவே நிற்பது இந்த இருவருடைய முதற் கடமை. இந்தக் கடமையின் எல்லையைக் கார்ல்சன் தமக்கு முன்னிருந்த சிலரைப்போலவே மாற்றி எழுதினார். தம் கோலுக்குப் பின்னால் பக்கை எடுத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, எதிரணியின் வரிசை எங்கே நெகிழ்கிறது என்று பார்த்தவாறே சறுக்கிச் செல்வார். நெகிழ்ந்த இடம் கண்ணில் பட்டதும் அவருடைய மட்டையிலிருந்து பக் புறப்பட்டிருக்கும். 2017ஆம் ஆண்டு ஆட்டவா செனட்டர்ஸ் அணிக்காகப் பாஸ்டன் அணியை எதிர்த்து ஆடிய இறுதிச் சுற்றுகளின் முதல் தொடரில், தம் பகுதியிலிருந்தே பக்கை ஆகாயத்தில் உயரத் தூக்கி எறிந்து, எதிரணி வீரர்களின் தலைக்குமேலே செலுத்தி, அவர்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த ஒரு தோழரின் முன்னே இறக்கினார். அந்தத் தோழர் தனியே சென்று கோல் போட்டார். இடது குதிகால் எலும்பில் மயிரிழை விரிசல்களோடு அந்தத் தொடரை ஆடியதாகப் பின்னர்தான் அவர் வெளியிட்டார். அன்று பக்கைப் பெற்ற தோழர் மைக் ஹாஃப்மன். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு கார்ல்சனுக்கு ஈடாகச் சான் ஹோசேக்கு அனுப்பப்பட்ட மூவரில் ஒருவராக வந்தவரும் அவரே.

இனி எதிர்வாதத்தையும் அதற்குரிய வலிமையோடு சொல்வதே நியாயம். முன்னே சென்றவர் பக்கை இழந்தால், அந்தக் கணத்தில் அவர் தம் கோலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறார். எதிரிகள் இருவர் அல்லது மூவராக ஓடி வரும்போது அவர்களைத் தடுக்க அவருடைய இணையாளர் ஒருவரே மிஞ்சுகிறார். அவரும் தவறினால் கோல் காப்பவர் தனித்து நிற்கிறார். 101 புள்ளிகள் பெற்ற அதே பருவத்தில், ஆள் எண்ணிக்கையில் மிகுந்த அணி போடும் கோல்கள் நீங்கலாக, கார்ல்சன் தளத்தில் இருந்தபோது அணி போட்டதும் வாங்கியதுமான கோல்களின் கணக்கு 26 கோல் நஷ்டத்தில் முடிந்தது. அணி ஆடிய 82 ஆட்டங்களில் வெற்றி பெற்றவை 22 மட்டுமே என்பதையும், அத்தகைய அணியில் எவருடைய கணக்கும் ஏறுமுகமாக இருப்பது அரிது என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். ஆயினும் குறை சொல்பவர்கள் ஆதாரமில்லாமல் சொல்லவில்லை. கோப்பைக்குரியவரைத் தேர்ந்தெடுப்பவர்களே இந்த விஷயத்தில் தடுமாறியிருக்கிறார்கள். 2012இல் 78 புள்ளிகள் பெற்ற கார்ல்சனுக்கு நாரிஸ் கோப்பையைக் கொடுத்தவர்கள், 2016இல் அவர் 82 புள்ளிகள் பெற்றபோது, 51 புள்ளிகள் மட்டுமே பெற்றிருந்தாலும் காவலில் உறுதியானவர் எனப் பெயரெடுத்த ட்ரூ டௌட்டிக்கு அதை அளித்தார்கள்.

ஒருவரைத் தேர்ந்துகொள்ளும்போது அவரிடமுள்ள நல்லதையும் அல்லதையும் ஆராய்ந்து, எது விஞ்சியிருக்கிறதோ அதைக்கொண்டு அவரை மதிப்பிடச் சொல்லுகிறது திருக்குறளின் தெரிந்து தெளிதல் அதிகாரம். அரசியலுக்கும் நிர்வாகத்துக்கும் இதைவிடச் சிறந்த நெறி ஒன்று கிடைப்பது அரிது. ஆனால் இந்த நெறி செவ்வையாக நடைபெறுவதற்கு, குணம் ஒரு தட்டிலும் குற்றம் மற்றொரு தட்டிலுமாகத் தனித்தனியே வைக்கத் தக்கனவாக இருத்தல் வேண்டும். கார்ல்சனிடத்தில் அவ்வாறு பிரித்து வைக்க இயலுமா? தம் ஸ்தானத்தை விட்டு முன்னேறுவதுதான் அவருடைய குணம்; தம் ஸ்தானத்தை விட்டு முன்னேறுவதுதான் அவருடைய குற்றமும். பாஸ்டனுக்கு எதிரே பக்கை ஆகாயத்தில் எறியத் துணிந்த அதே மனம்தான், வேறொரு நாள், எறியக்கூடாத நேரத்தில் எறிந்து எதிரிக்குக் கோலைக் கொடுக்கிறது. அந்த மனத்திலிருந்து துணிவை மட்டும் வைத்துக்கொண்டு அபாயத்தைக் கழித்துவிடுங்கள் என்று பயிற்சியாளர் ஒருவர் சொல்வாரேயானால், அவர் கேட்பது வேறொரு மனிதரை. எனவே இத்தனை குணம், அதில் இத்தனை குற்றத்தைக் கழித்தால் மிச்சம் இவ்வளவு என்று போடப்படும் கணக்குகள், எவ்வளவு நுட்பமான புள்ளிவிவரங்களின் துணையோடு போடப்பட்டாலும், இல்லாத ஒரு பிரிவினையை இருப்பதாகக் கொண்டே தொடங்குகின்றன என்பது என் துணிபு.

பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் இந்த இடத்தில் ஆழ்ந்த ஒரு கருத்தைத் தருகிறது. ஒருவருக்கு இயல்பாக அமைந்த கர்மம் தோஷமுடையதாயினும் அதைக் கைவிடலாகாது. ஏனெனில் தோஷமற்ற கர்மம் என ஒன்று எங்குமே இல்லை. கார்ல்சனின் சார்பில் இதைவிட வலிய வாதம் சொல்ல முடியாது. ஆயினும் இந்த உபதேசத்தை அவருக்குப் பொருத்தும்போது ஒரு சங்கடம் எழுகிறது. என் கர்மத்தின் தோஷம் என்னையே சேரும்வரையில் அதைத் தாங்கிக்கொண்டு தொடர்வது வீரம். அந்தத் தோஷத்தின் சுமை பிறர் தோளில் இறங்குமானால் என்ன செய்வது? ஆட்டவாவில் பல ஆண்டுகள் கார்ல்சனுக்கு இணையாக ஆடிய மார்க் மெத்தோ, அதிகம் முன்னேறாமல் பின்னால் நின்று காவலைக் கவனித்தவர். கார்ல்சன் சுதந்தரமாகச் சென்ற ஒவ்வொரு முறையும் அந்தச் சுதந்தரத்துக்கு உரிய விலையைச் செலுத்தத் தயாராக ஒருவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். 2017ஆம் ஆண்டு கோடையில், லீகில் புதிதாகச் சேர்ந்த வேகஸ் அணி பிற அணிகளிலிருந்து ஆள் எடுக்கும் முறையில் மெத்தோவை எடுத்துக்கொண்டது. ஆட்டவாவின் அடுத்த பருவம் பெருந்தோல்வியாக முடிந்தது. அதற்குக் காரணங்கள் பல. கார்ல்சனுடைய கணுக்காலில் நடந்த சத்திரசிகிச்சையும் அவற்றில் ஒன்று. ஆயினும் கார்ல்சனின் மதிப்பு என்று அதுவரை எல்லாரும் பேசியதில் ஒரு பகுதி மெத்தோவுக்கு உரியது என்பதை நான் மறுக்க மாட்டேன். ஒருவருடைய குணம் குணமாக நிலைப்பதற்கு மற்றொருவருடைய பொறுமை தேவைப்படுமானால், அந்தக் குணத்துக்கு வாங்கும் விலையில் அந்தப் பொறுமைக்கும் பங்குண்டு. எந்தப் பரிவர்த்தனையும் அதைக் கணக்கில் எழுதுவதில்லை.

அப்படியானால் பேரத்தில் நிர்ணயமாகும் விலை எதைத்தான் அளக்கிறது? 2018 செப்டம்பரில் ஆட்டவா அவரைச் சான் ஹோசேக்கு அனுப்பியபோது பதிலுக்கு வந்தவை நான்கு வீரர்களும் சில தேர்வு உரிமைகளும். அந்த உரிமைகளில் ஒன்று 2020ஆம் ஆண்டின் முதற்சுற்று உரிமை. அன்று சான் ஹோசே வலிமை மிக்க அணி. அந்த உரிமை முதற்சுற்றின் கடைசியில் விழும், ஆகவே அதன் மதிப்பு சொற்பம் என்றே கருதினார்கள். பின்னர் அந்த அணி எதிர்பாராத வீழ்ச்சி அடைந்ததனால், உரிமை மூன்றாம் இடத்துக்கு உயர்ந்து, ஜெர்மனியின் டிம் ஷ்டுட்ஸ்லெ என்னும் அரிய இளைஞரை ஆட்டவாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. கார்ல்சனுக்குக் குறைந்த விலை வாங்கினார்கள் என்று பழித்தவர்களே நல்ல விலை வாங்கினார்கள் என்று புகழ நேர்ந்த இந்த இடைவெளியில், விற்கப்பட்ட நாளில் கார்ல்சன் எத்தகைய ஆட்டக்காரராக இருந்தாரோ அதில் அணுவளவும் மாறவில்லை.

2023இன் பேரத்திலும் அதுவே நடந்தது. லீக் ஒவ்வோர் அணிக்கும் விதித்த சம்பள உச்சவரம்பு அவ்வாண்டு 8 கோடியே 35 லட்சம் டாலர். கார்ல்சனின் ஒப்பந்தமோ வருடத்துக்கு 1 கோடியே 15 லட்சம். இருபதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பங்கிட வேண்டிய தொகையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை ஒருவர் எடுத்துக்கொள்வதனால், அவரை ஏற்க வல்ல அணிகளே மிகச் சில. விலை இறங்கியதற்கு அவருடைய ஆட்டத்தின் குறைகளைவிட இந்தக் கணக்கே முக்கியமான காரணம். பிட்ஸ்பர்க்குக்குச் சென்ற பின் முதற் பருவத்தில் அவர் 56 புள்ளிகள் பெற்றார். அணி இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை. மனிதர் ஒருவரே, ஸ்தானம் வேறு, இணையாளர்கள் வேறு, பலனும் வேறு. ஒப்பந்தத்துக்கு விலை உண்டு, ஒப்பந்தம் பிடித்துக்கொள்ளும் இடத்துக்கு விலை உண்டு. இவற்றுக்குள்ளே இருக்கிற மனிதரின் மதிப்பை இந்த விலைகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அறிந்துகொள்ளலாம் என்று நினைப்பதில்தான் பிழை இருக்கிறது.

ஈடு வைக்கத்தக்க பொருளுக்கே விலை உண்டு, ஈடற்றதற்கு உள்ளது கண்ணியம் என்னும் கருத்தை ஜெர்மானிய ஞானி கான்ட் 1785இல் வெளியான தம் ஒழுக்கவியல் நூலில் ஸ்தாபித்தார். ஹாக்கி அணிகள் அந்த நூலைப் படித்து நடந்துகொண்டவை அல்ல. ஆயினும் அந்தக் கண்ணியத்தைத் தாமாகவே நிலைநாட்டிய ஒருவரை அவற்றின் சரித்திரம் அளித்திருக்கிறது. நாரிஸ் கோப்பை 1954இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் டிட்ராய்ட் அணியின் ரெட் கெல்லி. பக்கை எடுத்துக்கொண்டு முன்னே செல்வதில் பெயர் பெற்ற தடுப்பாட்டக்காரர். 1960 பிப்ரவரியில் டிட்ராய்ட் அவரை நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு மாற்றியது. அந்தக் காலத்தில் மாற்றப்பட்ட வீரர் வாய் திறவாமல் மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுவதே வழக்கம். கெல்லியோ செல்ல மறுத்து, ஆட்டத்தைவிட்டே விலகுவதாக அறிவித்தார். பரிவர்த்தனை ரத்தாயிற்று. சில நாட்களில், அவருடைய சம்மதத்தோடு, டொராண்டோ அணி அவரைப் பெற்றது. அவருக்கு ஈடாகச் சென்றவர் மார்க் ரேயோம் என்னும் சாதாரணத் தடுப்பாட்டக்காரர் ஒருவர். டொராண்டோவின் பயிற்சியாளர் பஞ்ச் இம்லாக், கெல்லியைத் தடுப்பிலிருந்து எடுத்து முன்னணியின் நடுவில் நிறுத்தினார். டிட்ராய்டில், லீகின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை நான்கு முறை வென்றிருந்தவர் அந்தப் புதிய ஸ்தானத்தில் மேலும் நான்கு முறை வென்றார். ஸ்வதர்மம் என்பதைப் பிறப்பாலோ பழக்கத்தாலோ அமைந்த ஸ்தானத்தோடு கட்டிவைக்கும் வியாக்கியானத்தை நான் ஏற்றுக்கொண்டதில்லை. ஒருவருடைய சுபாவம் எந்த ஸ்தானத்தில் குற்றம் குறைந்து ஒளிர்கிறதோ அதுவே அவருடைய ஸ்தானம் என்பதற்குக் கெல்லியின் பிற்பகுதி வாழ்க்கை எனக்குப் பெரிய சாட்சி.

கெல்லி தம் பிழைப்பையே துறக்கத் துணிந்து பெற்ற சம்மத உரிமை, கார்ல்சனுக்கு ஒப்பந்தத்தின் ஷரத்தாகவே கிடைத்திருந்தது. அவர் இசையாமல் அவரை எங்கும் அனுப்ப முடியாது. ஆனால் இன்றைய விதிகளின்படி, இருபத்தேழு வயது நிரம்பாத, ஏழு பருவங்களும் ஆடி முடிக்காத வீரர் ஒருவருக்கு அத்தகைய ஷரத்தின் பாதுகாப்பு கிட்டுவதில்லை. ஊரையும் நண்பர்களையும் விட்டுப் போகச் சொல்லும் ஆணையைத் தாங்குவது எளிதல்லாத வயது அது. ஓர் இளைஞருடைய குணம் உருவாகிக்கொண்டிருக்கும் காலமும் அதுவே. இந்த விதியைத் திருத்தினால் நிர்வாகிகளின் பேரங்கள் கடினமாகும் என்பது உண்மை. அந்தக் கடினத்தை அவர்கள் ஏற்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். அடுத்த முறை வீரர்களின் சங்கமும் அணி உரிமையாளர்களும் உடன்படிக்கைக்கு அமரும்போது, சம்பள உச்சவரம்பைப் பேசுவதற்கு முன் பேச வேண்டிய விஷயம் இது.