குறைந்த வெளிச்சம்

ஒரு பொருள் எவ்வளவு ஒளியை உட்கவர்ந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? போன ஒளியிலிருந்து வந்த ஒளியைக் கழிச்சா போதும் என்று தோன்றும். போதாது. குறைந்ததில் ஒரு பகுதியைப் பொருள் எடுத்துக்கொண்டது. இன்னொரு பகுதி சிதறி வேறு திசையில் போய்விட்டது. நேராக வரும் ஒளியை மட்டும் எண்ணும் கருவிக்கு இரண்டும் ஒரே நஷ்டம்தான்.

துகள் சிறுத்தால் சிக்கல் கூடும். அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகளின் விட்டம் பத்தில் ஒன்றானால், அது உட்கவரும் ஒளி ஆயிரத்தில் ஒன்றாகும். சிதறடிக்கும் ஒளியோ பத்து லட்சத்தில் ஒன்றாகிவிடும். அதனால் சிதறலை நம்பித் தேடியவர்களுக்கு 40 நானோமீட்டருக்குக் கீழுள்ள தங்கத் துகள்கள் பின்னணி வெளிச்சத்தில் தொலைந்துபோயின.

2002இல் பிரான்சின் போர்தோ நகர ஆய்வாளர்கள் துகளை விட்டுவிட்டு அதன் அக்கம்பக்கத்தைப் பார்த்தார்கள். ஒரு லேசர் வேகமான தாளத்தில் துகளைச் சூடேற்றும். உட்கவர்ந்த ஒளி வெப்பமாகி, சுற்றுப்புறத்தின் ஒளிவிலகல் எண்ணைக் கொஞ்சம் மாற்றும். இன்னொரு லேசர் அதே தாளத்தில் அந்த மாற்றத்தைத் தேடும். வெறுமனே சிதறடிக்கும் துகள் சூடாகாது, படத்திலும் வராது. 2.5 நானோமீட்டர் தங்கம்வரை தெரிந்தது.

இதை நான் மனிதர்களை எடைபோடும் கேள்வியாகவும் வாசிக்கிறேன். இலக்கியக் கூட்டத்தில் மேற்கோள்களாக வீசுபவர் நிறைய உள்வாங்கியவர்னு நினைக்கிறோம். மூலையில் பேசாமல் இருப்பவருக்கு ஒண்ணும் ஏறலைன்னு முடிவு பண்ணிடுறோம். மௌனம்தான் ஆழம் என்று நான் சொல்லவரவில்லை. பெரிய தங்கத் துகள் சிதறடிக்கவும் செய்யும், உட்கவரவும் செய்யும். ஆனால் வாசிப்பு ஒருவருக்குள் போனதா என்பதற்குச் சாட்சி அவருடைய பேச்சு அல்ல. அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள், அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள், அவரோடு முரண்பட்டவர்கள்தான் சாட்சி. அங்கே ஏதாவது மாறியிருக்கா?

ஒரு தயக்கமும் இருக்கிறது. துகள் சூடானது நாம் சுட்டதால். ஒருவரை அளந்து பார்ப்பதற்காக அவரைச் சூடேற்ற நமக்கு உரிமை உண்டா? இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. அப்படியென்றால் பலரைப் பற்றி நமக்குக் கடைசிவரை தெரியாமலே போகலாம். போகட்டும். தெரியாததை 'இல்லை' என்று எழுதிவைக்காமல் இருந்தால் போதும். 2002க்கு முன்பும் அந்தத் துகள்கள் ஒளியை உள்வாங்கிக்கொண்டுதான் இருந்தன.