கண்ணில் படாத காற்றும் கருதல் அளவையும்

செவ்வாய்க் கோளின் வடதுருவத்தைச் சுற்றி மணல்மேடுகள் பரந்து கிடக்கின்றன. அங்கே வீசும் காற்றை எந்த மனித உடலும் உணர்ந்ததில்லை. ஆனாலும் அது எத்திசையில் வீசுகிறது, எவ்வளவு மணலைச் சுமக்கிறது என்று ஆய்வாளர்கள் உறுதியோடு பேசுகிறார்கள். இந்த உறுதியை அறிவு என்று கொள்ளலாமா, நல்ல ஊகம் என்றே நிறுத்த வேண்டுமா? தமிழில் இது பழைய கேள்வி. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சியில் நாயகிக்குத் தன் கொள்கையைச் சொல்லும் பூதவாதி, அறியும் வழிகளில் காட்சி ஒன்றையே ஏற்று, குறியிலிருந்து உய்த்தறியும் கருத்தளவையைத் தள்ளுகிறான். காஞ்சியில் அவளுக்கு அறம் உரைக்கும் அறவண அடிகள் காட்சி, கருத்து இரண்டையும் ஏற்கிறார். சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என மூன்றைக் கொள்கிறது. கருதலால் கிடைப்பதும் அறிவே. ஆனால் தன்னைத் திருத்தும் சான்றுக்கு இடங்கொடுக்கும் வரையில்தான் அது அறிவு. இதுவே இக்கட்டுரையின் வாதம். செவ்வாயின் மணல் இதற்குத் தெளிவான சான்றாக நிற்கிறது.

அந்தச் சான்றின் ஒரு பகுதி கலிஃபோர்னியாவின் குபெர்டினோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 85-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே சில மைல் சென்றால் மவுண்டன் வியூவை ஒட்டி மோஃபெட் ஃபீல்டு. அங்குள்ள நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்தில், ரொனால்டு கிரீலி என்ற நிலவியலாளரின் முயற்சியால், 1970-களில் செவ்வாய்க்கென்றே ஒரு காற்றுச் சுரங்கம் அமைந்தது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியின் அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் சுரங்கம் இருக்கும் பெருங்கூடத்திலிருந்தே காற்றை உறிஞ்சி வெளியேற்றி அழுத்தத்தை அந்த அளவுக்கு இறக்குகிறார்கள். ஈர்ப்பை அப்படிக் குறைக்க வழியில்லை. செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் ஏறத்தாழ 38 விழுக்காடுதான். ஆகவே மணலுக்குப் பதிலாக அக்ரூட் ஓட்டுத் தூளைப் பரப்புகிறார்கள். அதன் எடை இங்கே ஏறக்குறைய செவ்வாயில் மணலுக்கு இருக்கும் எடைக்கு ஈடாகிறது. பிறகு காற்றின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, முதல் துகள்கள் எப்போது கிளம்புகின்றன என்று கவனிக்கிறார்கள்.

பூதவாதி இங்கே குறுக்கிடுவான்: “அக்ரூட் தூள் மணலாகாது, மோஃபெட் ஃபீல்டு செவ்வாயாகாது, ஒன்றைப் பார்த்துவிட்டு வேறொன்றைப் பற்றிப் பேசுகிறீர்கள்.” இந்த ஆட்சேபத்தை நியாய சூத்திரமே எழுப்பி விடையும் தந்திருக்கிறது. ஆறு பெருகியதைக் கண்டு மேலே மழை பெய்தது என்று கருதுகிறோம். ஆனால் நீரை எங்கோ அடைத்ததாலும் ஆறு பெருகலாமே என்பது கேள்வி. அடைபட்ட நீரின் பெருக்கு வேறு, மழைப் பெருக்கு வேறு என்பது விடை. மழை வெள்ளம் விரைந்து வரும், நுரைத்து வரும், இலையையும் கட்டையையும் அடித்துவரும் என்று உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். குறிகளைக் கூர்ந்து பிரிக்காதவர் செய்யும் பிழைக்குக் கருதல் பொறுப்பாகாது. காற்றுச் சுரங்கத்தில் நடப்பதும் குறிகளைப் பிரிக்கும் வேலைதான். அழுத்தம், எடை, துகளின் அளவு என ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றி, எது எதற்குக் காரணம் என்று பிரித்தறிகிறார்கள். பார்த்ததை மட்டும் நம்புவேன் என்பவர் இந்தப் பிரிப்பைச் செய்ய முடியாது. ஏனெனில் காரணம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் வரலாற்றிலிருந்து வருகிறது. செவ்வாயின் மெல்லிய காற்று மணலைக் கிளப்ப வேண்டுமானால் பூமியில் வேண்டியதைவிடப் பல மடங்கு வேகம் வேண்டும்; தரையிறங்கிய கலங்கள் அளந்த காற்றோ அந்த வேகத்தை அரிதாகவே எட்டியது. ஆகவே அங்குள்ள மணல்மேடுகள் பழங்காலத்தில் உருவாகி உறைந்து நின்றுவிட்டவை என்று பலர் முடிவு செய்தனர். 2006-இல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய கலத்திலிருந்து ஹைரைஸ் கேமரா எடுத்த படங்கள் அதைப் பொய்யாக்கின. ஒரே இடத்தை இடைவெளி விட்டுப் படமெடுத்துப் பார்த்தபோது, நிலி பட்டேரா என்ற பகுதியில் மேடுகள் நகர்வது தெரிந்தது. கருதல் எங்கே தவறியது? மணலைக் கிளப்பத் தேவையான வேகமே அதை ஓட வைக்கவும் வேண்டும் என்று மறைவாக ஒரு நிபந்தனையை ஏற்றிருந்தார்கள். செவ்வாயில் எழும்பிய துகள் உயரவும் தொலைவாகவும் பறந்து, வேகம் பிடித்து விழுந்து, மற்றத் துகள்களைத் தெறிக்கச் செய்கிறது. கிளப்பத் தேவைப்பட்ட வேகத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே ஓட்டம் தொடரலாம் என்று 2010-இல் வெளிவந்த கணக்கீடு காட்டியது. இப்படி மறைந்து நிற்கும் நிபந்தனையை நம் தருக்க நூல்கள் உபாதி என்கின்றன. நெருப்பிருக்கும் இடமெல்லாம் புகை இருக்கும் என்பவர் ஈர விறகை மறந்துவிடுகிறார். இங்கே மறந்தது துகளின் மோதலை.

ஒருமுறை தவறியதை மறுமுறை எப்படி நம்புவது என்று கேட்கலாம். தவற்றைக் கண்டுபிடித்தது எது என்று பார்த்தாலே விடை கிடைக்கும். புதிய காட்சி பழைய முடிவை உடைத்தது. உடைந்த காரணத்தைத் தேடித் தந்தது மறுபடியும் கருதல்தான். 2015-இல் கியூரியாசிட்டி ஊர்தி கேல் பள்ளத்தின் பேக்னால்டு மணல்மேடுகளை நெருங்கியபோதும் இதுவே நடந்தது. பூமியின் மணலில் சிற்றலையும் பெருமேடும்தான் பழக்கம். அங்கே இரண்டுக்கும் இடைப்பட்டு, சில மீட்டர் இடைவெளியுள்ள அலைகளும் இருந்தன. பூமியின் விதியை அப்படியே பொருத்தியவர்கள் விளக்கத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. என்ன கண்டால் தன் முடிவைக் கைவிடுவேன் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடிய கருதல், தவறும்போதும் அறிவை வளர்க்கிறது.

இந்த அளவுகோலைச் சமயத்துக்கும் வைத்தே ஆகவேண்டும். உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது, ஆகவே அதற்கு ஒரு கர்த்தா உண்டு என்று சிவஞான போதம் தொடங்குகிறது. குடத்துக்குக் குயவர் போல என்பது வழக்கமான எடுத்துக்காட்டு. ஆனால் குயவரை உலகத்துக்குள்ளே கண்டோம். அந்த உறவை உலகம் முழுமைக்கும் நீட்டும்போது எந்த உபாதியை மறந்தோம் என்று சோதிக்க ஒரு காட்சியும் நமக்கு வாய்ப்பதில்லை. பக்தியில் யாருக்கும் குறையாத இராமானுஜரே ஸ்ரீபாஷ்யத்தில் இந்தக் கருதலை மறுத்தார். உலகம் ஒரே காலத்தில் ஒருவராலேயே செய்யப்பட்டது என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டு, இறைவனை அறியச் சாத்திரமே வழி என்றார். அருளை அனுபவத்தில் கண்டோம் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. அது காண்டலும் உரையுமாக நிற்கட்டும், கருதல் என்ற பெயரில் வர வேண்டாம். இப்படிப் பிரித்துச் சொல்வதால் நம்பிக்கை சிறுமைப்படாது. கடன் வாங்கிய உறுதியை விட்டுத் தன் காலில் நிற்கும்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் செவ்வாயைப் படிக்கிறார்கள், வார இறுதியில் தேவாரம் கற்கிறார்கள். இரண்டு இடத்திலும் “பார்த்தீர்களா?” என்று அவர்கள் கேட்கும்போது அதட்ட வேண்டாம், மழுப்பவும் வேண்டாம். இதைக் கண்டறிந்தோம், இதைக் கருதி அறிந்தோம், இதைப் பெரியோர் உரையால் ஏற்றோம் என்று அளவையைச் சொல்லி விடை தருவோம்.