கோட்டைச் சுவரில் கோவிற்கல்

வாடைக்காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையிலே மரக்கலம் ஒதுங்குவதற்குத் தக்க இடம் இல்லாதபடியால், சென்னைக் கடலில் நங்கூரமிட்டிருந்த ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் பம்பாய் வரை போய் மீள வேண்டியிருந்த காலத்தில், தெற்கே இலங்கையில், குன்றுகள் சூழ, கரையோரத்திலேயே ஆழம் மிகுந்து, எக்காற்றுக்கும் அசையாமல் கிடந்தது திருகோணமலைத் துறைமுகம். அதுவே அதன் பாக்கியமும் துர்ப்பாக்கியமும் ஆயிற்று. பறங்கியர் எனப்பட்ட போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதற்காக அடித்துக்கொண்டார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்ததை, ஆகஸ்டு கழிவதற்குள் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் பறித்துக்கொண்டான். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. 1957இல்தான் ஆங்கிலேயக் கடற்படை அதைக் கைவிட்டது.

இச்சரித்திரத்தில் என் மனத்தை விடாமல் உறுத்தும் சங்கதி ஒன்று உண்டு. சம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் ஆலயத்தை 17ஆம் நூற்றாண்டிலே பறங்கியர் இடித்து, அதன் கற்களைக் கொண்டே துறைமுகத்தைக் காக்கும் கோட்டையைக் கட்டினார்கள். திருப்பணி தொடங்குமுன் மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கலாகர்ஷணம் செய்து கும்பத்தில் ஏற்றி, பாலாலயத்தில் எழுந்தருளச் செய்ய வேண்டும் என்பது ஆகம விதி. அதன்பின்னரே சிற்பியின் உளி பழைய கட்டடத்தைத் தீண்டலாம். கடப்பாரையோடு வந்தவனுக்குக் கும்பம் ஏது? அப்படியானால், பீரங்கிக்கு முட்டுக்கொடுத்த அக்கற்கள் இன்னும் கோவிலா, வெறும் கல்லா?

இறைவன் எங்கும் நிறைந்தவனாகையால் பீரங்கி மேடையிலும் இருக்கிறான் என்பார் வேதாந்திகள். எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற அவ்விடை இந்தக் கேள்விக்கு விடையாகாது. கல்லில் ஒன்றுமே இல்லை, எல்லாம் பக்தனின் பாவனையே என்பாரும் உளர். 1950இல் நகரிலே கிணறு வெட்டுகையில் மண்ணுக்குள்ளிருந்து கோணேசர் கோவிலின் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. பாவனையே போதும் என்று எண்ணியிருந்தால், உயிருக்கு அஞ்சி ஓடும் வேளையில் அவற்றைப் புதைக்க எவன் குழி தோண்டியிருப்பான்?

என் துணிபு இது: பிரதிஷ்டை செய்யாதவனுக்கு அதை நீக்கும் அதிகாரமும் இல்லை, ஆகவே அவன் பெயர்த்தது கல்லின் இடத்தை மாத்திரமே. இதை ஆகம பண்டிதர்கள் மறுக்கலாம்; மறுத்தால் கேட்டுக்கொள்ளச் சித்தமாயிருக்கிறேன்.

பாண்டியரின் இணைக்கயல் பொறித்த கல் கோட்டை வாயிலில் இன்றும் இருக்கிறது. மீண்டும் எழுப்பப்பட்டு 1963இல் குடமுழுக்குக் கண்ட கோணேசர் கோவிலுக்குப் போகிறவர்கள், படைவீரர் காவல் நிற்கும் அவ்வாயிலைக் கடந்தே மலை ஏறுகிறார்கள். நீங்களும் போனால், மேலே செல்லுமுன் அங்கே ஒருமுறை கைகூப்புங்கள்.